படம் யாருடையது?

நம்மவரிடம் அரசியலைப் பற்றிக் கேட்டால், "நமக்கேன் அந்த வம்பு?" என்று ஒதுங்குவோர் உண்டு. சமயத்தைப் பற்றிக் கேட்டால், "பெரியவர்கள் சொன்னால் சரிதான்" என்று தலையசைப்போர் உண்டு. தம் சொந்தச் சம்பளத்தைப் பற்றிக் கேட்டாலுங்கூட, "சங்கத்துக்காரர் பார்த்துக்கொள்வார்" என்று கூறி நகர்வோர் உண்டு. ஆனால் சினிமாவைப் பற்றிக் கேட்டுக் கருத்தில்லாத தமிழர் ஒருவரை நாம் இதுகாறும் கண்டதில்லை. பள்ளி வாயிலை மிதித்தறியாத மூதாட்டியும், "முற்பாதி நன்று, பிற்பாதியில் கதையை இழுத்துவிட்டான்" என்று தீர்ப்பளிப்பார். அத்தீர்ப்பை மறுத்தால் காரணம் காட்டுவார். காரணத்தையும் மறுத்தால் வேறொரு படத்தைச் சான்றாகக் கொண்டுவந்து நிறுத்துவார்.

கற்றோரிற் சிலர் இதனை இகழ்வர். வேலையற்றோர் வீண்பேச்சு என்பர். நாம் அங்ஙனம் இகழ ஒருப்படோம். ஒரு பொருளைப் பற்றித் தனக்கெனக் கருத்துக் கொள்ளுதலும், அதனைப் பலர் முன்னிலையில் எடுத்துரைத்தலும், மறுப்பைக் கேட்டு மறுமொழி தேடுதலும் அறிவு வளர்ச்சியின் முதற்படிகளாம். தலைமுறை தலைமுறையாக, "வாயை மூடு" என்னும் கட்டளையையே கேட்டுப் பழகிய தோட்டத்து மக்களை அப்படிகளில் ஏற்றிவிட்ட பெருமை பேசும்படத்துக்கு உண்டு. ஏறியவர்கள் மேலே செல்லாமல் முதற்படியிலேயே நின்று கூச்சலிடுகின்றனரோ என்பதுதான் நமது கவலை. அக்கவலையைப் பற்றியே இக்கட்டுரை.

நாம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக வேலை பார்த்து வருகிறோம். ஆங்கில வழியிலே கல்வி கற்று, முப்பது வயதைத் தாண்டியவர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பேர் பதிவதும், பகலிலே குலைக் கணக்கு எழுதுவதும் நமது தொழில். மாலையில் தோட்டத்து முகப்பிலுள்ள ஒட்டுக்கடையில் தேநீர் அருந்தச் செல்வோம். சனிக்கிழமைகளில் அக்கடையில் ஒரு சபை கூடும். அதற்குத் தலைவரும் இல்லை, செயலாளரும் இல்லை, தீர்மானமும் இல்லை. பால்வெட்டுத் தொழிலில் முதுகு வளைந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எம்.ஜி.ஆர். கட்சி. லாரி ஓட்டும் நடுவயதுத் தோழர், தம் தந்தையார் வழியாகச் சிவாஜி கட்சி. ஆலையில் வேலை பார்க்கும் வாலிபர் மூவரில் ஒருவர் இரஜினி, ஒருவர் விஜய், ஒருவர் அஜித். மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் வாதம், கடைக்காரர் நாற்காலிகளைக் கவிழ்த்து அடுக்கும்வரை ஓயாது.

பெரியவர் பழங்கதை கூறத் தொடங்கினால் வாலிபரும் வாய் மூடிக் கேட்பர். அவர் இளமையில் படம் பார்க்கக் கொட்டகைக்குப் போக வேண்டுவதில்லையாம். படக்காரர் வண்டி தோட்டத்துக்கே வருமாம். திடலில் இரண்டு கம்பங்களை நட்டு வெள்ளைத்துணியைக் கட்டுவராம். பாயும் சாக்கும் விரித்து மக்கள் அமர்வராம். முன்புறம் இடம் நிறைந்துவிட்டால் பிந்தி வந்தோர் திரையின் பின்புறம் உட்காருவராம். அங்கிருந்து காண்போர்க்கு உருவங்கள் இடம்வலம் மாறித் தோன்றும். "மறுநாள் பள்ளிக்கூடத்திலே ஒரு பையன், எம்.ஜி.ஆர். இடக்கையாலேதான் வாள் சுழற்றினார் என்று அடித்துச் சாதித்தான். அவன் உட்கார்ந்த இடம் அப்படி. அவன் பார்த்தது அவனுக்கு உண்மைதானே, தம்பி?" என்றார் பெரியவர். அந்தப் பையன் யார் என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டு தேநீரை எடுத்தார்.

இரசிகர் சண்டை நேற்றுத் தோன்றியதன்று. தமிழ் பேசும்படம் 1931இல் "காளிதாஸ்" என்னும் பெயரோடு பிறந்தது. அதற்குப் பத்தாண்டு நிரம்புமுன்னரே, தியாகராஜ பாகவதர் குரலா, பி. யு. சின்னப்பா குரலா என்று மக்கள் இரு கட்சியாகப் பிரிந்தனர். அவர்களுக்குப் பின் எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் வந்தனர். இவ்விருவரையும் ஒரே திரையில் நிறுத்தி டி. ஆர். இராமண்ணா 1954இல் "கூண்டுக்கிளி" என்னும் படத்தை எடுத்தார். இரு கட்சியாரும் திரண்டு வந்து இரட்டிப்பு வெற்றி விளைந்திருக்க வேண்டுமன்றோ? விளையவில்லை. அவ்விருவரும் அதற்குப்பின் எப்படத்திலும் சேர்ந்து நடிக்கவுமில்லை. தம் தலைவன் தாழ்வதைக் காணப் பொறாத அன்பும், மாற்றான் உயர்வதைக் காணப் பொறாத பகையும் கூடிவிட்ட இடத்தில் கலைக்கு இருக்கை கிடையாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஒரு சனிக்கிழமை நாம் அச்சபையின் முன் ஒரு வினாவை வைத்தோம். "1944இல் வெளிவந்து, சென்னை பிராட்வே கொட்டகையிலே மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் எது?" என்றோம். "ஹரிதாஸ்" என்று பெரியவர் உடனே கூறினார். "அது யாருடைய படம்?" என்றோம். "இது என்ன கேள்வி, கிராணி? பாகவதருடையது" என்றார். "பாகவதர் நடித்தார், பாடினார். படத்தை எடுத்த டைரக்டர் யார்?" என்றோம். சபை மௌனமாயிற்று. கடைசியில் ஆலை வாலிபர் ஒருவர் கைப்பேசியில் தேடிச் சுந்தர ராவ் நட்கர்ணி என்று படித்துக் காட்டினார். மூன்று தீபாவளிகளுக்கு மக்களை ஈர்த்த படத்தை உருவாக்கியவர் பெயரை, அப்படத்தைத் தலைமேற் கொண்டாடுவோரே அறியாதிருப்பது வியப்பன்றோ? வீட்டைப் புகழ்வோர் கொத்தனாரை மறந்துவிடுகின்றனர்.

கொத்தனார் செய்வது யாது? இதனை நம் சபைக்கு விளக்க நாம் எடுத்துக்கொண்ட சான்றுகள் சில. எம்.ஜி.ஆர். முதன்முதல் திரையில் தோன்றியது 1936இல் வெளிவந்த "சதி லீலாவதி" என்னும் படத்தில். அதை எடுத்தவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். 1935இல் இந்தியாவுக்கு வந்து, 1950 வரை தங்கிப் பாகவதர் நடித்த "அம்பிகாபதி"யையும், எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த "மீரா"வையும், "மந்திரி குமாரி"யையும் உருவாக்கியவர். தமிழறியாத ஒருவர் தமிழ்ப் படம் எடுத்தார் என்பதைக் கேட்டு வாலிபர் நகைத்தனர். ஆயினும் ஒளியை எங்கே வைப்பது, முகத்தை எவ்வளவு அருகிற் காட்டுவது, ஒரு காட்சியை எப்போது வெட்டுவது என்பவற்றுக்கும் ஒரு மொழி உண்டு. அம்மொழியை அவர் அறிந்திருந்தார்.

அக்காலத்திலேயே கே. சுப்பிரமணியம், கதையை மட்டுமன்றிக் கருத்தையும் ஏந்தும் கலமாகப் படத்தைக் கருதினார். 1937இல் "பாலயோகினி", 1938இல் "சேவாசதனம்", 1939இல் "தியாகபூமி" என்று வரிசையாக எடுத்துக் கைம்பெண்களின் துயரையும், சாதிக் கொடுமையையும், மணவாழ்க்கையில் பெண்ணுக்கு இழைக்கப்படும் அநீதியையும் திரையில் ஏற்றினார். கடைசிப் படத்தை அந்நிய சர்க்கார் 1940இல் தடை செய்தது. ஒரு படத்தைக் கண்டு சர்க்கார் அஞ்சுமாயின், அச்சத்தை உண்டாக்கியது நடிகரின் அழகோ?

லாரித் தோழர் "பாசமலர்" தமக்குச் சொந்தமான சிவாஜி படம் என்பார். அஃது ஏ. பீம்சிங் 1961இல் எடுத்த படம். அதற்கு முன்னும் பின்னும், 1959இல் "பாகப்பிரிவினை", 1962இல் "படித்தால் மட்டும் போதுமா" என்று குடும்பத்தின் உட்பிளவுகளையே திரும்பத் திரும்ப ஆராய்ந்தவர் அவர். ஸ்ரீதர் 1962இல் "நெஞ்சில் ஓர் ஆலயம்" என்னும் படத்தை ஏறத்தாழ முழுவதும் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நடத்தி முடித்தார். அரண்மனையும் இல்லை, வாட்போரும் இல்லை, நான்கு சுவர்களும் சில மனிதரும் அவருக்குப் போதியனவாயிருந்தன. இரஜினி கட்சி வாலிபர் "முள்ளும் மலரும்" படத்தை உயிரினும் பெரிதாக மதிப்பவர். அதன் கதாநாயகனாகிய காளி, மலைநாட்டு மின்நிலையத்தில் விஞ்சு இயக்கும் தொழிலாளி, முரடன், ஒரு கையை இழப்பவன். 1978இல் அதனை எடுத்த மகேந்திரனுக்கு அதுவே டைரக்டராக முதற்படம். காமிரா பிடித்தவர் பாலு மகேந்திரா. "இரஜினியின் வேறு எத்தனையோ படங்களில் காணாத ஒன்று இதில் உண்டு என்று நீங்களே சொல்கிறீர்களே; நடிகர் அவரேதான் எனின், அந்த ஒன்றைக் கொணர்ந்தவர் யார்?" என்றோம். வாலிபர் சற்றுச் சிந்தித்தார். பின்னர் அவர் நம்மை மடக்கினார்.

"அப்படியானால், கிராணி அண்ணே, நடிகரைக் கும்பிட்டது போதும், இனிமேல் டைரக்டரைக் கும்பிடுங்கள் என்கிறீர்களா? கட்-அவுட்டில் முகம் மாறினால் போதுமா?"

நல்ல வினா. இவ்வினா நம் ஒட்டுக்கடையில் மட்டும் எழுந்ததன்று. பாரிஸ் மாநகரில், "காயே து சினிமா" என்னும் பத்திரிகையில், பிரான்சுவா த்ரூஃபோ என்னும் இளைஞர் 1954இல் ஒரு கட்டுரை எழுதினார். நூல்களை எடுத்து அழகாக வசனம் தீட்டிப் படமாக்குவதே சிறப்பு என்று கருதிய அந்நாட்டுப் படக்காரரை அவர் கடுமையாகத் தாக்கினார். ஒரு நூலுக்கு ஆசிரியன் இருப்பது போலப் படத்துக்கு டைரக்டரே ஆசிரியன் என்னும் கொள்கை அவரும் அவர் தோழரும் நடத்திய வாதங்களால் வலுப்பெற்றது. நியூயார்க் நகரில் ஆண்ட்ரூ சாரிஸ் 1962இல் அதனை ஒரு கோட்பாடாகவே வகுத்துரைத்தார். அடுத்த ஆண்டிலேயே பாலின் கேல் என்னும் பெண்மணி அக்கோட்பாட்டைக் கிழித்தெறிந்து மறுப்பு வரைந்தார். ஒருவர் எல்லாப் படங்களிலும் ஒரே முத்திரையைப் பதிக்கிறார் என்பதால் மட்டும் அவை நல்ல படங்களாகிவிடுமோ என்பது அவர் வாதத்தின் சாரம். நம் வாலிபர் கேலையும் அறியார்; சாரிசையும் அறியார். ஆயினும் அவர் கேட்டது கேல் கேட்ட வினாவின் உடன்பிறப்பே.

நம் தமிழ்ப் படங்களை நோக்கினாலும் அவ்வினாவின் நியாயம் விளங்கும். 1952இல் வெளிவந்த "பராசக்தி" யாருடையது? நடித்த சிவாஜியுடையதா, வசனம் எழுதிய மு. கருணாநிதியுடையதா, டைரக்டர்களாகிய கிருஷ்ணன்-பஞ்சு இருவருடையதா? 1949இல் வந்த "வேலைக்காரி" கதை எழுதிய அண்ணாதுரையுடையதா, அதனை எடுத்த ஏ. எஸ். ஏ. சாமியுடையதா? படமென்பது பல கைகள் கூடி இழுக்கும் தேர். வடத்தில் ஒரு கையை மட்டும் காட்டி, இதுவே இழுத்தது என்பது உண்மைக்கு மாறு. அதிலும் சில கைகளை நாம் காண்பதேயில்லை. "காளிதாஸ்" படத்தின் நாயகியாகிய டி. பி. இராஜலட்சுமி, 1936இல் "மிஸ் கமலா" என்னும் படத்தைத் தாமே டைரக்டராக நின்று எடுத்தார். நம் சபையில் அப்பெயரைக் கூறியபோது, கடைக்காரரின் மனைவி ரொட்டி தட்டுவதை நிறுத்திவிட்டு, "பொம்பளையா? அந்தக் காலத்திலா?" என்று கேட்டார். அத்தனை சனிக்கிழமைகளில் அவர் அவ்வாதத்தில் பேசிய முதற்சொல் அது.

ஆகவே, டைரக்டரை அறிதல் வேண்டும் என்று நாம் கூறுவது அவருக்குப் புதிய கோயில் எழுப்புதற்கன்று. யார் செய்தார் என்று கேட்கத் தொடங்கினால், எப்படிச் செய்தார் என்று கேட்போம். அதன்பின், ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்போம். அதற்கும் பின், யாரைப் பற்றிச் செய்தார், அது மெய்யா என்று கேட்கும் துணிவு வரும். அக்கடைசிக் கேள்வியிலே தோட்டத்து மக்களாகிய நமக்கு ஒரு தனியுரிமை உண்டு.

"சதி லீலாவதி"யின் கதையைச் சபைக்குக் கூறினோம். குடிப்பழக்கத்தால் நிலைகெட்ட ஒருவன், நண்பனைக் கொன்றுவிட்டதாக எண்ணி இலங்கைக்கு ஓடுகிறான். அங்கே தோட்டத்தில் கூலியாக வேலை செய்கிறான். பின்னர் ஒரு புதையலைக் கண்டெடுத்துச் செல்வனாகி ஊர் திரும்புகிறான். "தோட்டத்திலே புதையலா!" என்று பெரியவர் கூறியதும் கடை முழுவதும் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "அறுபது வருஷம் இந்த மண்ணை மிதித்தேன். பாம்பைக் கண்டேன், பன்றியைக் கண்டேன். புதையலைக் காணோம்" என்றார். டங்கனும் அறியாத, கதாசிரியரும் அறியாத ஒரு விமரிசனத்தைத் தோட்டத்தில் வாழ்ந்தவர் ஒருவர் ஒரு மூச்சில் சொல்லி முடித்தார்.

பின்னர் 2013இல் பாலா "பரதேசி" எடுத்தார். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி. எச். டேனியல் எழுதிய நூல் அதற்கு மூலம். அதில் புதையல் இல்லை. மீளாக் கடனும், கொள்ளைநோயும், கங்காணியின் பிரம்பும் உண்டு. 2016இல் பா. இரஞ்சித் எடுத்த "கபாலி" நம் நாட்டையே கதைக்களமாகக் கொண்டது. தோட்டத் தொழிலாளரின் ஊதிய உரிமைக்காக எழுந்த ஒருவன் குண்டர் கூட்டத் தலைவனாகும் கதை. கொட்டகைகளில் இடமில்லை. நம் சபையில் அப்படத்தைப் பற்றிய வாதம் மூன்று மாதம் நடந்தது. நம் நாட்டில் காட்டப்பட்ட படியில், கபாலி போலீசாரிடம் சரணடைந்தான் என்றோர் அறிவிப்பு முடிவிற் சேர்க்கப்பட்டது. "முடிவை வேறொருவர் எழுதிவிட்டால், பிறகு படம் யாருடையது?" என்று லாரித் தோழர் கேட்டார். நாம் முன்பு கேட்ட வினா நம்மிடமே திரும்பி வந்தது.

நிற்க. சென்னையிலிருந்து வருவோர் நம்மைப் படமெடுக்க வேண்டும் என்று காத்திருந்த நமக்கு, நம் நாட்டுத் திரையுலகில் நம்மவர் ஆற்றிய பணி தெரியாது. சென்னையிற் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன், சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் 1950இல் "பக்தி" என்னும் மலாய்ப் படத்தை எடுத்தார். மலாய் மக்கள் இன்றும் போற்றும் பி. ரம்லி முதன்முதல் கதாநாயகனாக நடித்த படம் அதுவே. அதே ஸ்டூடியோவில் பி. எஸ். ராஜ்ஹன்ஸ், ஃபனி மஜும்தார், எஸ். இராமநாதன், கே. எம். பாஸ்கர் என்று இந்திய டைரக்டர்கள் பலர் பணியாற்றினர். ரம்லியே 1955இல் "பெனாரிக் பேச்சா" மூலம் டைரக்டரானார். ஆலை வாலிபர்களுடன் வேலை செய்யும் மலாய்த் தோழர்க்கு ரம்லியின் படங்கள் மனப்பாடம். கிருஷ்ணன் பெயரை நாம் கூறியபோது அவரும் வியந்தார். நம் வாலிபரும் வியந்தனர். இரு சாராரும் வியந்த அந்த நிமிஷத்தில் ஒரே மேசையில் அமர்ந்து தேநீர் அருந்தினர். இதனைச் சிறு செய்தியென்று நாம் கருதவில்லை.

நம் கதையை நம்மவரே தமிழிற் சொல்லவும் தொடங்கிவிட்டனர். தீபக் குமாரன் மேனன் 2005இல் "செம்மண் சாலை" என்னும் படத்தில், கித்தாத் தோட்டத்துக் குடும்பம் ஒன்றையும், மேற்படிப்புக்கு ஏங்கும் பெண் ஒருத்தியையும் காட்டினார். சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த "ஜகாட்" 2015இன் இறுதியில் வெளிவந்தது. 1990களின் தொடக்கத்தில், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம் ஒன்றில் வளரும் அப்போய் என்னும் சிறுவனின் கதை அது. கல்வியொன்றே கதியென்று கண்டிக்கும் தந்தை ஒருபுறம். குண்டர் கூட்டத்தில் சேர்ந்த சிற்றப்பன் ஒருபுறம். 2016இல் நடந்த மலேசியத் திரைப்பட விழாவில், படங்களை மொழியால் பிரித்துப் பரிசளிப்பது முறையா என்று மலாய்க் கலைஞர்களும் சேர்ந்து கடுமையாக வாதிட்டனர். அவ்விழாவிலேயே சிறந்த மலேசியப் படமென்னும் பரிசை "ஜகாட்" பெற்றது. ஒரு வாதம் என்ன செய்யவல்லது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

நம் சபையில் அதனைப் பார்த்தவர் எவருமிலர். நாம் நகரத்தில் பார்த்த காட்சியில் இருக்கைகள் பல வெறுமையாயிருந்தன. பின்னொரு விடுமுறை நாளில் லாரித் தோழர் வீட்டுத் தொலைக்காட்சியிலே அனைவரும் கூடிப் பார்க்க ஏற்பாடாயிற்று. தந்தை மகனை அடிக்கும் காட்சி வந்தபோது லாரித் தோழர் எழுந்து வெளியே சென்றார். படம் முடிந்தபின் வாதம் தொடங்கியது. "நம்மவரைக் குடிகாரரென்றும் ரௌடிகளென்றும் ஊரறியக் காட்டுவதா கலை? மற்ற இனத்தார் என்ன நினைப்பார்கள்?" என்று அவர் சீறினார். வாலிபரில் ஒருவர், "இல்லாததையா காட்டினார்கள்? புண்ணைத் துணியால் மூடிவைத்தால் ஆறிவிடுமா?" என்றார். இரண்டும் நியாயமான பேச்சே. அப்போது தோழரின் பதினேழு வயது மகன், அதுவரை பேசாதிருந்தவன், "அப்பா, அந்த இடத்திலே நீங்கள் ஏன் எழுந்து போனீர்கள்?" என்று கேட்டான்.

யாரும் வாய் திறக்கவில்லை. அடுக்களை வாயிலில் நின்ற அவன் தாயார்தாம் மறுமொழி கூறினார். "அந்தத் தகப்பன் கெட்டவன் இல்லை, ஐயா. பயந்தவன். நாம் பட்டது பிள்ளையும் படுமோ என்ற பயம். பயத்தைக் கையிலே காட்டுகிறான்."

படத்தின் உயிர்நிலையை இவ்வளவு தெளிவாக உரைத்த விமரிசகர் ஒருவரை நாம் எப்பத்திரிகையிலும் படித்ததில்லை. அவர் பள்ளியில் படித்தது ஆறாண்டு. அவ்விரவு தந்தையும் மகனும் என்ன பேசினர் என்பது நமக்குத் தெரியாது. அது நாம் கேட்கத்தக்கதுமன்று. ஆனால் அடுத்த சனிக்கிழமை லாரித் தோழர் கடைக்கு வந்து அமர்ந்ததும், எத்தனை நாள் ஓடிற்று, எத்தனை கோடி குவிந்தது என்னும் வழக்கமான கணக்கை எடுக்கவில்லை. "அந்தப் பையன் மறுபடி என்ன ஆவான் என்று டைரக்டர் சொல்லவில்லையே, வேண்டுமென்றே விட்டாரா?" என்று கேட்டார். அன்றைய வாதம் அவ்வளவு சூடாக இல்லை. அவ்வளவு ஆழமாக வேறென்றும் இருந்ததில்லை.

தோழர்களே! இதனை நாம் ஏன் இவ்வளவு விரிக்கிறோம்? நாம் எழுதும் பேரேட்டில் இன்று தமிழ்ப் பெயர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. பிற நாடுகளிலிருந்து வந்த தொழிலாளரே பெரும்பாலோர். பழைய பேரேடுகள் அலுவலக அலமாரியில் உள்ளன. அவற்றைப் புரட்டினால் பக்கம் பக்கமாக நம்மவர் பெயர்கள். இன்னார், இத்தனை நாள் வேலை, இவ்வளவு சம்பளம், இவ்வளவு பிடித்தம் என்று கண்டிருக்கும். அவர் எதற்குச் சிரித்தார், யாருக்கு அஞ்சினார், பிள்ளையைப் பற்றி என்ன கனவு கண்டார் என்று ஒரு வரியும் இராது. கிராணியின் பேனா அவ்வளவே எழுதும். எஞ்சியவற்றை எழுதவல்லது கதையும் படமுமே. அவை எழுதப்படுமுன் அந்நினைவுகளை உடையோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். ஆகையால் படத்தைப் பற்றிய வாதம் நமக்குப் பொழுதுபோக்கு மட்டுமன்று.

பாரிஸ் இளைஞரைப் பற்றி ஒன்று கூற மறந்தோமில்லை; இவ்விடத்துக்கென்றே வைத்திருந்தோம். 1954இல் பேனாவால் சண்டையிட்ட த்ரூஃபோ, 1959இல் தம் பிள்ளைப் பருவத்துத் துன்பங்களையே கருவாகக் கொண்டு முதல் நெடும்படத்தை எடுத்தார். அவருடன் வாதிட்ட கோதார் அடுத்த ஆண்டில் தம் படத்தை வெளியிட்டார். அங்கே இரசிகர் வாதிட்டனர். வாதிட்டோர் காமிராவைக் கையிலெடுத்தனர். இங்கே நாம் வாதிடுகிறோம். பின்னர்க் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறோம். அந்தப் பாலைக் கறந்த மாட்டுக்கும் அதனால் நன்மையில்லை, நடித்தவர்க்கும் இல்லை.

எனவே நாம் வேண்டுவன மூன்றே. சண்டையிடுக, விடாது சண்டையிடுக, ஆனால் எத்தனை நாள் ஓடிற்று என்று கேட்குமுன், என்ன சொல்லிற்று என்று கேட்க. நடிகர் பெயரோடு எடுத்தவர் பெயரையும், எழுதியவர் பெயரையும், காமிரா பிடித்தவர் பெயரையும் அறிக. அடுக்களை வாயிலில் நின்று கேட்போர்க்கு நாற்காலி இடுக. இவை பணம் வேண்டும் காரியங்களல்ல. சட்டம் வேண்டும் காரியங்களுமல்ல.

படம் யாருடையது என்று தொடங்கினோம். முதல் போட்டவர் தமதென்பார், நடிகர் தமதென்பார், டைரக்டர் தமதென்பார், தணிக்கையாளரும் ஒரு முடிவைச் சேர்த்துத் தமக்கும் பங்குண்டு என்பார். திரைக்கு முன்னே அமர்ந்தவர்க்கு ஒரு கை தெரிகிறது. பின்னே அமர்ந்தவர்க்கு மறு கை தெரிகிறது. இருபுறமும் அமர்ந்தோர் ஒருவரோடொருவர் பேசினாலன்றி, வாள் எந்தக் கையில் இருந்தது என்பது விளங்கப்போவதில்லை. அப்பேச்சு நடக்கும் இடத்திலேதான் படம் மக்களுடையதாகிறது.